குடலைக் காக்கும் வழவழப்பு
(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



குடும்ப நலத் துறையிலிருந்து ஆள் வந்திருக்கிறார் என்றதும், "இன்னைக்கும் காப்பர்-டி, ஆபரேஷன் பேச்சுத்தான்" என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அதற்கும் கடைசியில் வருகிறேன். ஆனால் இன்றைக்கு முதலில் பேசப் போவது வயிற்றைப் பற்றி. வீட்டுக்குள்ளே கணவனிடம் மனைவியும், மனைவியிடம் கணவனும் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு சங்கதி உண்டென்றால் அது மலம் போகிற விஷயம்தான். அந்தக் கூச்சத்தால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். அதில் என் தவறும் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது ஒரு இளைஞர் என்னிடம் வந்தார். "சார், வீட்ல அவளுக்கு வயித்தால போகுது, கடுப்பா இருக்குங்கறா, மூலச் சூடு போல" என்றார். நானும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், "இசப்கோல் வாங்கிக் கொடுங்க தம்பி, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். ரத்தம் போகிறதா, எத்தனை நாளாக, உடம்பு இளைத்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அந்தப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தேன். முகம் வெளுத்து, இடுப்பில் இருந்த குழந்தையைத் தூக்கி நிற்கத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். தினமும் ஏழெட்டு முறை ரத்தமும் சளியுமாகப் போயிருக்கிறது. கணவனிடம் ரத்தத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. மாமியார் பயந்து, காய்கறி எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் ரசம் சோறு கொடுத்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடல் முழுக்கப் புண்.

இன்று அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். மருந்தும் சாப்பிடுகிறாள், நல்ல உணவும் சாப்பிடுகிறாள். ஆனால் அந்த ஐந்து மாதம் என் வாயால் வந்தது. உணவு நல்ல துணை. துணையை மருத்துவராக்கிவிட்டால் ஆபத்து. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இன்று வந்தேன்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நம் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். உள் சுவர் முழுவதும் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. விலாங்கு மீனைப் பிடித்தால் கையில் நழுவுமே, அந்த மாதிரி. இந்தப் பூச்சுத்தான் குடலுக்கு வேலி. குடலுக்குள் கோடானு கோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நல்லவை. வேலி நன்றாக இருக்கும்வரை அவை ஒருபுறம், நம் சதை ஒருபுறம். வேலி அரிக்கப்பட்டால் கிருமி சுவரைத் தொடும். உடம்பின் காவல் படை அங்கே திரளும். சிவக்கும், வீங்கும், புண்ணாகும், ரத்தம் கசியும். இதற்குத்தான் குடல் அழற்சி என்று பெயர்.

அழற்சிக்குக் காரணம் பல. கெட்ட தண்ணீரால் வரும் சீதபேதி ஒன்று. குடலில் வரும் காசநோய் ஒன்று. உடம்பின் காவல் படையே வழிதவறித் தன் குடலைத் தாக்குகிற நீடித்த நோய்கள் வேறு. அவற்றில் பெருங்குடல் புண் நோய் ஒன்று, கிரோன் நோய் இன்னொன்று. வெளியே பார்த்தால் எல்லாம் "வயித்தால போகுது" என்பதுதான். எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். உங்களாலும் முடியாது, தேநீர்க் கடையில் நின்றுகொண்டு என்னாலும் முடியாது.

சர்க்கரைச் சங்கிலி

தாவர உணவில் மாவு, நார், பசை, வழவழப்பு என்று நாம் சொல்கிறவை எல்லாம் ஒரே குடும்பம். சின்னச் சின்னச் சர்க்கரைத் துகள்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலிகள் அவை. படித்தவர்கள் பாலிசாக்கரைடு என்பார்கள். நாம் சர்க்கரைச் சங்கிலி என்றே வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைக்க வேண்டாம். வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டும் பசை, ஊறிய வெந்தயத்தைச் சுற்றி நிற்கும் குழகுழப்பு, கொய்யாப்பழத்தில் இருக்கும் பெக்டின், கொத்தவரை விதையில் இருக்கும் பசை, வாழைத்தண்டின் நார், எல்லாம் இதுதான்.

சோற்று மாவின் சங்கிலியைச் சிறுகுடல் அறுத்து ஜீரணித்துவிடும். மற்ற பலவற்றை அறுக்க நம்மிடம் கத்தி இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. "ஜீரணமாகாததைச் சாப்பிட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நமக்கு ஜீரணமாகாதது நம் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை அதைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அதில் முக்கியமானது ப்யூட்டிரேட். வெண்ணெயிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். பெருங்குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் முதன்மையான ஆகாரம். அழற்சியைத் தணிக்கவும் இது உதவுகிறது. குடல் உப்பையும் தண்ணீரையும் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளவும் இந்த அமிலங்கள் துணை செய்கின்றன.

மாட்டுக்குத் தீவனம் வைக்காவிட்டால் என்ன ஆகும்? கயிற்றை அறுத்துக்கொண்டு பயிரில் வாய் வைக்கும். நுண்ணுயிரும் அப்படித்தான். 2016-இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நார்ச்சத்தே இல்லாத உணவு கொடுத்தபோது, குடலிலிருந்த நுண்ணுயிர்கள் வழவழப்புப் பூச்சையே தின்னத் தொடங்கின. வேலி மெலிந்தது, நோய்க்கிருமி எளிதாக உள்ளே நுழைந்தது. மாமியார் பாசத்தோடு கொடுத்த வெறும் ரசம் சோறு, மாதக் கணக்கில் போனால், ஏன் கூடாது என்று இப்போது புரிகிறதா?

உகாண்டாவில் பணிபுரிந்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களின் உணவில் நார் மிகுதி, மேல்நாட்டுக் குடல் நோய்கள் அவர்களிடம் குறைவு என்று 1970-களில் உலகுக்கு எடுத்துச் சொன்னார். நம் பாட்டன் பாட்டியின் தட்டிலும் அந்த நார் இருந்தது. இன்று நம் தட்டில் பட்டை தீட்டிய வெள்ளை அரிசி, மைதா பரோட்டா, பாக்கெட் பிஸ்கட். கம்பு, கேழ்வரகு, சாமை, தினை எங்கே போயின?

நம் வீட்டிலேயே இருக்கிறது

வாழைக்காய்: பழுக்காத காயில் ஜீரணமாகாத மாவு அதிகம். வங்காளதேசத்தின் டாக்கா நகரிலுள்ள வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி நிலையத்தில், 14 நாளுக்கு மேல் பேதி நிற்காத 62 ஆண் குழந்தைகளுக்கு அரிசிக் கஞ்சியோடு வேகவைத்த வாழைக்காயோ பெக்டினோ சேர்த்துக் கொடுத்தார்கள். 2001-இல் வெளிவந்த முடிவு இது: மூன்றாம் நாளில் வாழைக்காய் சாப்பிட்டவர்களில் 100-க்கு 59, பெக்டின் சாப்பிட்டவர்களில் 55 தேறினார்கள். வெறும் அரிசிக் கஞ்சி குடித்தவர்களில் 15 மட்டுமே. விலை கொடுத்து டானிக் வாங்குகிறோம், கொல்லையில் தொங்கும் தாரைப் பார்ப்பதில்லை!

பழைய சோறு: சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி இறுகி, ஜீரணமாகாத மாவாக மாறுகிறது. நாம் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம், புளிக்கவும் புளிக்கிறது. ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள், மூடி வையுங்கள், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நாற்றமடித்தால், நூல் விட்டால் கொட்டிவிடுங்கள். "வீணாக்கக் கூடாது" என்று சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் பெரிய வீண்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெருமை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், காலரா கண்ட 48 பேரிடம் ஆய்வு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலோடு ஜீரணமாகாத மக்காச்சோள மாவு சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பேதியின் அளவும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. பெருங்குடல் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சியதுதான் காரணம்.

வெந்தயம்: ஒரு தேக்கரண்டி இரவில் ஊறவைத்துக் காலையில். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். வெந்தயம் சர்க்கரையை இறக்கக்கூடியது. கர்ப்பிணிகள் தாளிக்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இசப்கோல்: குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் விதை உமி. பல மடங்கு தண்ணீரை இழுத்துக் களி போல ஆகும். அதனால் மலம் இறுகினவர்க்கு இளகும், நீராய்ப் போகிறவர்க்குச் சேரும். ஒரு தேக்கரண்டி உமியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். பின்னாலேயே இன்னொரு டம்ளர். உலர்ந்த உமியை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இதே செடியின் விதையைப் பெருங்குடல் புண் அடங்கியிருந்த 105 பேரிடம் ஸ்பெயின் நாட்டில் ஓராண்டு சோதித்தார்கள். 1999-இல் வெளியான ஆய்வில், புண் திரும்பி வராமல் காப்பதில் விதை, மெசலமின் மாத்திரைக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது ஒரு சிறிய ஆய்வு. அடங்கிய நோயில் செய்தது, மருத்துவர் கண்காணிப்பில் செய்தது. ரத்தம் போகிறபோது இது மருந்தல்ல.

இவற்றோடு வெண்டை, அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை, கொய்யா, பச்சைப்பயறு, தட்டைப்பயறு எல்லாம் நம் ஊரில் கிடைப்பவை. ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தராசு வேண்டாம். ஒரு வேளை சிறுதானியம், ஒரு கிண்ணம் பயறு, இரண்டு வேளை காய் அல்லது கீரை, ஒரு பழம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி, காற்று பிரிந்து சங்கடப்படும். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள்.

யாருக்கு ஆகாது?

ரத்தபேதி உச்சத்தில் இருக்கும்போது முரட்டு நார் வேண்டாம். வாழைத்தண்டு, பச்சைக் காய், தோலோடு கடலை, தவிடு இவற்றை நிறுத்தி வையுங்கள். நன்றாக வெந்து மசித்த பச்சைப்பயறு, தோல் நீக்கிய பூசணி, மசித்த வாழைக்காய் போன்ற மெத்தென்ற உணவை மருத்துவர் சொன்னபடி கொடுங்கள். கிரோன் நோயாலோ காசநோயாலோ குடலில் குறுகல் ஏற்பட்டவர்கள் இசப்கோலும் முரட்டு நாரும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. குறுகிய மடையில் வைக்கோல் சிக்கினால் தண்ணீர் நிற்பது போல, குடல் அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும் வலி, வயிற்றில் உருண்டை திரள்வது, வாந்தி, இவை குறுகலின் அடையாளங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

1. மலத்தில் ரத்தம், சளி. ஒரு முறையானாலும் காட்டுங்கள். "மூலம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.
2. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதி.
3. தூக்கத்திலிருந்து எழுப்பி ஓட வைக்கும் பேதி.
4. காரணமில்லாமல் இளைப்பு, மாலைக் காய்ச்சல், வலப்பக்க அடிவயிற்று வலி. இது குடல் காசநோயாகவும் இருக்கலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.
5. முகம் வெளுத்தல், படி ஏறினால் மூச்சு வாங்குதல்.
6. தார் போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, நாற்றமடிக்கும் மலம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கு மலம் கறுப்பது இயல்பு, அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

குழந்தைக்குப் பேதி என்றால்

முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுதும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு உணவாகத் தாய்ப்பால் மட்டும், வாழைக்காயும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குத் தாய்ப்பாலோடு மசித்த வாழைக்காய்க் கஞ்சி கொடுக்கலாம். பட்டினி போடாதீர்கள். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க மறுத்தால் கரைசலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கணவன் மனைவிக்கு

குடல் அழற்சி நோய் இருப்பவர்கள் குழந்தை பெறலாமா? தாராளமாகப் பெறலாம். ஆனால் நோய் அடங்கிச் சில மாதங்கள் ஆன பிறகு கருத்தரிப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. அதுவரை தள்ளிப்போடுங்கள். தினமும் மாலா-என் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுமையான பேதியோ வாந்தியோ இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் மாத்திரை உடம்பில் சேராமல் போகலாம். அந்த நாட்களில் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள், செவிலியரிடம் ஆலோசனை கேளுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து குடல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பல மருந்துகள் தொடரலாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மட்டும் கர்ப்பத்துக்கு ஆகாது. அதை முன்கூட்டியே மாற்ற வேண்டும். சல்பாசலசின் சாப்பிடும் பெண்ணுக்குப் போலிக் அமிலம் கூடுதலாகத் தேவை. அதே மருந்தைக் கணவன் சாப்பிட்டால் விந்தணு குறையலாம், மாற்றினால் சில மாதத்தில் சரியாகிவிடும். இது தெரியாமல் "பிள்ளை இல்லை" என்று மனைவியைக் குறை சொல்கிற வீடு உண்டு. மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

"ஆஸ்பத்திரி மருந்தை விட்டுட்டு இசப்கோலும் வாழைக்காயும் மட்டும் சாப்பிட்டா ஆகாதா?"
ஆகாது. நோய் அடங்கியது போலத் தெரியும், உள்ளே புண் வளரும். நெல்லுக்கு உரமும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஒன்று இன்னொன்றாகாது.

"எங்க மாமியார் காயே குடுக்கக் கூடாதுங்கறாங்களே?"
அவர் உங்கள் மேலுள்ள அக்கறையில் சொல்கிறார். கோபிக்காமல், "அத்தை, டாக்டர் இதையெல்லாம் வேகவச்சுச் சாப்பிடச் சொன்னாங்க" என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை அவரையும் கூட்டிப் போங்கள்.

"ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிங்க சொல்றது?"
செவிலியரிடம் சொல்லுங்கள், அவர் எழுதிக் கொடுப்பார். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை: எத்தனை நாள், எத்தனை முறை, ரத்தம் உண்டா, இளைத்திருக்கிறதா.

அந்தப் பெண்ணின் கணவர் பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "சார், ஒரே பாயில படுத்தவன், எனக்குத் தெரியாமப் போச்சே." இதை நீங்கள் யாரும் சொல்லும் நிலை வரக் கூடாது. இன்று இரவு விளக்கணைக்கும் முன் ஒருவரை ஒருவர் கேளுங்கள்: "வயிறு சரியா இருக்கா? ரத்தம் எதுவும் போகுதா?" வெட்கம் ஒரு நிமிஷம், நிம்மதி வருஷக் கணக்கில்.

நினைவில் வையுங்கள்:
தட்டில் காயும் கீரையும் பயறும் சிறுதானியமும் இருக்கட்டும்.
நார் கூடினால் தண்ணீரும் கூடட்டும்.
ரத்தம் கண்டால் கைவைத்தியம் இல்லை, மருத்துவமனை.
மருந்து காக்கும், உணவு துணை நிற்கும்.